சீழ் பிடிக்காத புண்

கட்டுப் போடும் அறைக்கு வருகிற யாரும் அக்காவை நர்ஸ் என்று சொல்லமாட்டார்கள். போலீஸ் என்றுதான் சொல்வார்கள். "போலீஸ் இருக்காங்களா?" என்று வாசலிலேயே என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். இருக்கிறார் என்று நான் தலையாட்டினால், நாளைக்கு வருகிறேன் என்று நழுவிப் போனவர்களும் உண்டு.

அக்கா புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். எங்கே பட்டது, எதில் பட்டது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்பார். கட்டுப் போட்டு முடித்து ஆள் செருப்பை மாட்டும்போது, அதே கேள்வியை வேறு மாதிரி திருப்பிக் கேட்பார். முதலில் மாடிப்படி என்றவர் இப்போது குளியலறை என்றால் போச்சு. மறுபடி உட்காரவைத்துவிடுவார். "கட்டுப் போட வந்தேனா, வாக்குமூலம் குடுக்க வந்தேனா?" என்று ஒரு தச்சர் நொந்துகொண்டார். அவர் விரலில் உளி பட்டது உண்மைதான். ஆனால் அக்கா அதை நம்புவதற்கு மூன்று நாள் ஆயிற்று.

நான் அந்த அறையில் கருவிகளைக் கொதிக்கவைப்பவள். கத்தரி, கிடுக்கி, தட்டு எல்லாம் என் கையால் கழுவி வெந்நீரில் போட்டு எடுத்தாக வேண்டும். கழற்றிய கட்டுத் துணிகளை வாளியில் சேர்த்து எரிக்கக் கொண்டுபோவதும் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதிகம் பேசமாட்டேன். ஆனால் ஒரே மூலையில் நின்று பதினோரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சில விஷயங்கள் பிடிபட்டுவிடும்.

அக்காவின் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் ஒரு பெண் மூன்று தடவை வந்தாளாம். மூன்று தடவையும் மாடிப்படியில் விழுந்தேன் என்றாளாம். அக்கா மூன்று தடவையும் நம்பி, பார்த்து நடம்மா என்று சொல்லி அனுப்பினாராம். நாலாவது தடவை அவள் வரவில்லை. அவள் செத்த செய்திதான் வந்தது. அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது என்பது அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரிந்ததாம். இதை அக்கா என்னிடம் சொன்னதில்லை. அவருடைய வீட்டுக்காரர்தான் சொன்னார்.

அவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். "பால் பாட்டில்ல கோடு, எண்ணெய் பாட்டில்ல கோடு, இருமல் மருந்துல கோடு. எது எவ்வளவு குறைஞ்சுதுன்னு உங்க அக்காவுக்குத் தெரியணுமாம். இன்னும் என் நெத்தியில மட்டும்தான் போடல" என்பார். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "அங்க போட்டு என்னத்தக் குறையப் போகுது" என்பார். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

எங்கள் அறையில் இரண்டு பெஞ்சுகள். இடது சுவரை ஒட்டி ஒன்று, சீழ் பெஞ்சு. வலது சுவரை ஒட்டி ஒன்று, சுத்தப் பெஞ்சு. சீழ் வைத்த புண்ணோடு வருகிறவர்கள் இடது பக்கம் உட்கார வேண்டும். தினமும் பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்து அந்தப் பெஞ்சை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். சீழ் இல்லாதவர்களுக்கு டாக்டர் தேவையில்லை. அக்காவே மருந்து வைத்துக் கட்டி அனுப்பிவிடுவார். ஒருவர் புண்ணிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றக் கூடாது என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அக்காதான். அது வந்த பிறகு புண் ஆறுவது வேகமானது. பெரிய டாக்டர் அதற்காக எல்லோர் முன்னாலும் அக்காவைப் பாராட்டியிருக்கிறார். அந்த இரண்டு பெஞ்சுகளின் மேல் மட்டும் அக்காவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அந்தக் குழந்தை வந்தபோது அதற்கு மூன்று வயது. கெண்டைக்காலில் ஒரு கீறல். டப்பா மூடியின் விளிம்பு பட்டதாம். ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அம்மாக்காரி ஒல்லியான பெண். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கூட வந்த மாமியார் கேட்காததற்கும் பதில் சொன்னார். அக்கா வழக்கம்போல விசாரித்தார். இரண்டு பேரும் டப்பா மூடி என்றே சொன்னார்கள். வலது பெஞ்சு. மருந்து வைத்து, துணி வைத்து, மேலே பிளாஸ்திரி. பதிவேட்டில் "சுத்தம்" என்று எழுதினார் அக்கா.

இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தார்கள். இரண்டாவது வாரம் கீறல் ஒரு கட்டைவிரல் நக அளவுக்கு அகன்றிருந்தது. மூன்றாவது வாரம் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஓரமெல்லாம் கருநீலம், நடுவில் வெளிறிப்போன சதை. ஆனால் ஒரு சொட்டுச் சீழ் கிடையாது. காய்ந்த புண். ஆகவே ஒவ்வொரு முறையும் வலது பெஞ்சு, ஒவ்வொரு முறையும் "சுத்தம்".

ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்காரி வெளியே போன பிறகு மாமியார் பின்தங்கினார். அக்காவின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னார்: "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வீட்டுல அவ கட்டை அவுத்து அவுத்துப் பாக்கறாளோன்னு எனக்கு ஒரு இது. புள்ளைக்கு முடியலன்னா அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பணும். அதுக்காகத்தான் ஆறவிடாம வச்சிருக்கா போல."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். படியில் விழுந்த பெண்ணின் கதை தெரிந்தவளுக்கு அந்த முகம் புரியும்.

அடுத்த தடவை கட்டுப் போட்டு முடித்ததும் அக்கா ஊதா மருந்தில் ஒரு குச்சியைத் தோய்த்து, பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். பாதிக் கோடு பிளாஸ்திரி மேல், பாதிக் கோடு தோல் மேல். பார்க்கிறவர்களுக்கு மருந்து வழிந்த மாதிரிதான் இருக்கும். யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் இரண்டு பாதியும் சேராது. அம்மாக்காரி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து வந்தபோது கோடு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. ஆனால் உள்ளே புண் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அக்கா நம்பவில்லை. அடுத்த முறை இரண்டு கோடு போட்டார். அதற்கடுத்த முறை பிளாஸ்திரியைச் சுற்றி நாலு பக்கமும் போட்டார். எல்லாக் கோடும் சேர்ந்தே இருந்தன. புண் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. குழந்தைக்கு நடுவில் இரண்டு முறை காய்ச்சல் வந்துபோயிற்று. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றும் அம்மாக்காரி சொன்னாள். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் யாரைப் பிடிக்கலாம் என்ற யோசனையில் இருந்தார்.

முதலில் மாமியார் மேல் சந்தேகம் போயிற்று. கையைக் காட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார். பிறகு மருந்து மேல். புது பாட்டில் உடைத்து, பழையதை மோந்து பார்த்து, தேதியைப் பார்த்து, மருந்து கொடுக்கிறவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். ஐந்தாவது வாரம் குழந்தை அந்தக் காலை ஊன்ற மறுத்தது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடும். அழக்கூட இல்லை, அப்படியே சோர்ந்து கிடந்தது. அம்மாக்காரி கட்டுப் போடும்வரை குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது மட்டும், "இது ஆறிடுமா, இல்ல எம்புள்ளைய நான் தொலைச்சிருவேனா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இனி பாக்கி நீதான். எத்தனை நிமிஷம் கொதிக்க விடறே?"

இருபது என்றேன்.

"கடிகாரத்தைப் பாத்தா, குத்துமதிப்பா?"

பார்த்துத்தான் என்றேன். கிடுக்கியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பல்லுக்கு நடுவில் என்ன ஒட்டியிருக்கிறது என்றார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பதினோரு வருடத்தில் என் மேல் கை நீட்டிக் குற்றம் சொன்னதில்லை. அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழாமல் இருப்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"அக்கா, என் வாளியில விழற துணியெல்லாம் நான் பாக்கறேன். சுத்தப் பெஞ்சு ஆளுங்களுக்குக்கூட ரெண்டாம் நாள் மூணாம் நாள் துணியில கொஞ்சம் மஞ்சளா படியும். அப்புறம் நின்னுடும், புண் ஆறிடும். அந்தப் பாப்பா துணி மட்டும் ஒரு நாளும் மஞ்சளா வந்ததில்ல. அஞ்சு வாரமா வரல. இவ்வளவு பெரிய புண்ணுக்கு ஒரு துளி சீழ்கூட எப்படிக்கா இல்லாம இருக்கும்?"

அக்கா கிடுக்கியைக் கீழே வைத்தார்.

இதை நான் இரண்டாவது வாரத்திலேயே பார்த்துவிட்டேன். பெரியவர்கள் பார்க்காததையா நான் பார்த்துவிட்டேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். சுத்தம், சுத்தம், சுத்தம் என்று பதினேழு தடவை அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சுத்தப் பெஞ்சைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

மறுநாள் அவர்கள் வரவேண்டிய நாள் இல்லை. அக்காவே வீட்டைத் தேடிக்கொண்டு போய் அழைத்துவந்தார். பெரிய டாக்டர் பத்து மணிக்கு வந்தபோது அந்தக் குழந்தை இடது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, இதை ஏன் எனக்குக் காட்டவில்லை என்றார். "சீழ் இல்ல சார். அதான் காட்டல. என் பெஞ்சாலதான் இது உங்க கண்ணுல படாமப் போச்சு" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் திட்டியதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் லேப்காரர் சீட்டை எழுதாமல் வைத்துக்கொண்டு மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். என்ன என்று அக்கா கேட்டதற்கு மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றார். வெள்ளணு பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். ஐம்பத்தெட்டாயிரம் காட்டுகிறது, இது நடக்கிற காரியமா என்றார். அக்காவுக்கு மிஷின் மேல் சந்தேகம் வரவில்லை. லேப்காரர் மேல் வந்தது. வேறு யார் ரத்தத்தோடாவது மாற்றிவிட்டீரா என்று கேட்டு, தன் கண் முன்னாலேயே மறுபடி எடுக்கச் சொன்னார். லேப்காரர், "என்னையும் கோடு போட்டுப் பாருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். மறுபடியும் ஐம்பத்தெட்டாயிரம்தான்.

வெள்ளணுக்கள்தான் கிருமியோடு சண்டை போடும் என்பது எனக்கும் தெரியும். சண்டையில் அவை குவியல் குவியலாகச் செத்துக் கிடப்பதுதான் சீழ் என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ரத்தத்தில் இத்தனை பேர் நிற்கிறார்கள், புண்ணில் ஒருவர்கூடச் சாகவில்லை. பெரிய டாக்டர் ரத்தப் புற்றாக இருக்குமோ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மாக்காரிக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடக் கிளம்பினார். வரிசையில் நிற்கவைத்து, சுத்தமான புண் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். என்னையும் வரச்சொன்னார். "நீ வாயைத் திறக்கமாட்டே. ஆனா எதையும் மறக்கமாட்டே. வா."

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. புண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், பாவாடையை விலக்கித் தொப்புளைப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வி எங்களில் யாரும் எதிர்பாராதது. தொப்புள் கொடி எத்தனையாவது நாள் விழுந்தது என்று கேட்டார்.

"பத்தாவது நாள்" என்றார் மாமியார்.

அம்மாக்காரி குனிந்தபடி இருந்தாள். டாக்டரம்மா அவளையே பார்த்தார். அக்காவும் பார்த்தார். அது புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்கிற பார்வை. ஆனால் அன்றைக்கு அக்கா அதட்டவில்லை. "சொல்லும்மா. இங்க யாரும் உன்னைப் பிடிச்சுக்குடுக்க வரல" என்றார்.

"நாப்பத்திமூணாவது நாள்" என்றாள் அவள். "பத்து நாள் ஆயும் விழல. புள்ளைய ஒழுங்கா பாத்துக்கத் தெரியலன்னு அத்தை ஏசுவாங்களேன்னு துணியைச் சுத்தி மறைச்சு வச்சிருந்தேன். விழுந்துடுச்சுன்னு பொய் சொன்னேன்."

மாமியார் வாயைப் பிளந்தார். டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். புருஷனும் நீயும் சொந்தமா? சொந்தம்தான். மாமியார் என்பவர் அவளுடைய அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். குடும்பத்தில் இப்படி வேறு குழந்தை உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிற மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குக் கடைசியா ஒரு தங்கச்சி பொறந்தா. தொப்புள் ஆறவே இல்ல. அஞ்சு மாசத்துல போயிட்டா. எங்கம்மா அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னுட்டாங்க. நானும் யார்கிட்டயும் சொல்லல."

மருமகளைப் பற்றி அக்காவின் காதில் ஓதியவர் மனசில் இவ்வளவு நாளும் அந்தக் குழந்தை இருந்திருக்கிறது. பயத்தைத்தான் அவர் சந்தேகமாக்கி மருமகள் தலையில் வைத்தார் என்று எனக்கு அப்போது பட்டது.

சோதனை முடிவு வர நாலு நாள் ஆயிற்று. புற்று இல்லை. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

நம் ரத்தத்தில் ஒரு கூட்டம் புரதங்கள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்குமாம். நிரப்புப் புரதம் என்று பெயர். கிருமி உள்ளே வந்தால் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இது வேண்டாத ஆள் என்று குறி வைக்கிற வேலை. குறி வைத்தால் மட்டும் போதாது. குறியைக் கண்டு பிடிக்க வெள்ளணுவின் மேல் கை மாதிரி ஒன்று இருக்க வேண்டும். அதை ஏற்பி என்கிறார்கள். ஏற்பிகளில் பல வகை. இந்தக் குழந்தைக்குக் குறைவது மூன்றாம் எண் ஏற்பி. அந்தக் கை குறி வைத்த கிருமியைப் பிடித்து விழுங்குவதற்கும் வேண்டும். ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறிப் புண்ணுக்குள் போவதற்கும் வேண்டும். குழந்தையின் வெள்ளணுக்களில் அந்தக் கை நூற்றில் நாலு பங்குதான் இருக்கிறது. அதனால் அவை புண் இருக்கிற இடத்தில் இறங்க முடியாமல் ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. புண் கூப்பிடக் கூப்பிட உடம்பு இன்னும் ஆளை அனுப்புகிறது. அதுதான் ஐம்பத்தெட்டாயிரம்.

அக்கா விடவில்லை. குறி வைக்கிற புரதம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரித்தார். "அதையும் சோதிச்சாச்சு. கோடெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. வந்து பாக்கத்தான் ஆள் இல்ல."

அக்காவின் கோட்டுப் பழக்கம் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அக்கா சட்டென்று குனிந்துகொண்டார்.

அப்படியானால் இந்தக் கை எத்தனைக்கு எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை நல்லதா என்று அக்கா மறுபடி கேட்டார். அதுவும் இல்லையாம். அளவு மீறிப் பிடிக்க ஆரம்பித்தால் சொந்த உடம்பையே புண்ணாக்கும் என்றார் டாக்டரம்மா. சிவப்பணுவின் மேலும் வேறு ஒரு ஏற்பி இருக்கிறதாம். குறி வைத்த குப்பையை ரத்தத்திலிருந்து சுமந்துகொண்டு போய் ஈரலில் சேர்ப்பது அதன் வேலை. சில வியாதிகளில் அது குறைந்துபோய், குப்பை சிறுநீரகத்தில் படிகிறது என்று சொல்லி, பக்கத்து வார்டில் முகம் வீங்கிப் படுத்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வெளியே ஒரு காயமும் இல்லை. அவளையும் எங்கள் அறைக்கு அனுப்பியிருந்தால் சுத்தப் பெஞ்சில்தான் உட்காரவைத்திருப்போம்.

குழந்தைக்கு வந்திருப்பது அப்பா வழியாக ஒரு பாதி, அம்மா வழியாக ஒரு பாதி. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை மாமியாரைப் பார்த்துச் சொன்னார். இப்போதைக்குக் கிருமிக்கு ஊசி போடலாம், ஆனால் குழந்தை தங்க வேண்டுமென்றால் வேறு ஒருவருடைய எலும்பு மஜ்ஜை வேண்டும். கை உள்ள வெள்ளணுக்கள் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் எத்தனை நாள் என்று சொல்லமுடியாது. குழந்தைக்கு ஒரு அக்காள் இருந்தாள், ஐந்து வயது. பிறகு சோதித்துப் பார்த்ததில் அவளுடையது பொருந்தியது.

நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா அம்மாக்காரியைத் தாழ்வாரத்து ஓரமாக அழைத்துப் போனார். நான் கைப்பையை வைத்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும். உன் புள்ள காலுல ஊதா மருந்துல கோடு போட்டேனே, அது மருந்து இல்ல. நீ வீட்டுல கட்டை அவுக்கறியான்னு பாக்கத்தான் போட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் அவள். "மொத நாளே தெரியும். நானா அவுத்தேன், அவுக்கலன்னு யார் நம்புவாங்க? அந்தக் கோடு ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. அது அழிஞ்சா எம் பேச்சு எடுபடாதுன்னு குளிப்பாட்டறப்போ காலுக்கு பிளாஸ்டிக் பை கட்டி வெளிய நீட்டிப் பிடிச்சுப்பேன். தூங்கறப்போ அது பக்கத்துலயே உக்காந்திருப்பேன்." பிறகு சொன்னாள்: "அது அழியாம இருந்ததாலதான நீங்க வேற எடத்துல தேடினீங்க."

திரும்பி வரும்போது அக்கா பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். இறங்கும்போது மட்டும், "உன்னையும் சந்தேகப்பட்டேன்ல" என்றார். நான் ஆமாம் என்றேன். "ரெண்டாம் வாரமே தெரிஞ்சு ஏண்டி சொல்லல?" என்று கேட்டார். அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பீர்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதையும் படித்துவிட்டார் போல.

மறுநாள் காலையில் சுத்தப் பெஞ்சுக்கு மேலே சுவரில் அக்கா ஒரு காகிதம் ஒட்டினார். இந்தப் பெஞ்சில் பத்து நாளுக்கு மேல் யார் உட்கார்ந்தாலும், சீழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கற புண்ணு மேலயும் சந்தேகமா?" என்றார். "அது மேலதான் சார் அதிகம்" என்றார் அக்கா. என் வாளிக்குப் பக்கத்திலும் ஒரு முக்காலியைப் போட்டு, கழற்றுகிற ஒவ்வொரு துணியையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் வாளியில் போட்டார். என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். முதல் வாரம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது.

அந்தக் குழந்தை ஏழு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. நடுவில் இரண்டு முறை, இனி அவ்வளவுதான் என்று சேதி வந்தது. இரண்டு முறையும் அக்கா நம்பவில்லை. யார் சொன்னார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று சேதி கொண்டுவந்தவரைக் குடைந்தார். அவருடைய சந்தேகம் ஆறுதலாக இருந்தது அந்த ஏழு மாதத்தில்தான்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை வேளையில் அவர்கள் வந்தார்கள். அம்மாக்காரி, மாமியார், நடுவில் நடந்து வருகிற குழந்தை. காலில் புண் இருந்த இடத்தில் மெல்லிய காகிதம் சுருங்கின மாதிரித் தழும்பு. முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம். ஏதோ பூச்சி கடித்ததைச் சொறிந்துவிட்டதாம். சின்னதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் இங்கே காட்டலாம் என்று வந்தோம் என்றார் மாமியார். அவர் குழந்தையின் கையை விடவே இல்லை.

அக்கா குழந்தையைத் தூக்கி மேஜை மேல் உட்காரவைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்து, பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்தார். பிறகு அந்தப் பஞ்சை என் முன்னால் நீட்டினார்.

"என்ன நெறம்? சொல்லு."

"மஞ்சள்" என்றேன்.

"நல்லா பாத்துச் சொல்லு."

"மஞ்சள்தான்க்கா. சீழ்."

அந்த அறையில் இருபத்திரண்டு வருடம் சீழைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அந்தப் பஞ்சைக் கீழே போட மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அம்மாக்காரி எட்டிப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தார். குழந்தை, "இது அக்காவோடது" என்றது. அதன் அக்காளின் மஜ்ஜை தன் உடம்பில் இருப்பதை யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பதிவேட்டை எடுத்து, "சீழ் உண்டு" என்று எழுதி அதற்குக் கீழே அழுத்தமாகக் கோடு போட்டார். குழந்தையை இடது பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தார், பத்து மணிக்கு டாக்டர் பார்க்கட்டும் என்று.

பிறகு ஊதா மருந்தையும் குச்சியையும் எடுத்து, கொப்புளத்தின் சிவப்பு எதுவரைக்கும் இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார். அம்மாக்காரி அக்காவைப் பார்த்தாள்.

"உன் மேல இல்லம்மா" என்றார் அக்கா. "நாளைக்கு இது வட்டத்தைத் தாண்டுதா, உள்ள சுருங்குதான்னு பாக்கணும். இப்ப உள்ள வந்திருக்கற ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யறாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம்."

மறுநாள் காலை அறையைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் வாசலில் நின்றார்கள். கொப்புளத்தைச் சுற்றியிருந்த சிவப்பு, ஊதா வட்டத்துக்கு உள்ளே நன்றாகச் சுருங்கியிருந்தது.